மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மாதுளை

மாரண்டஹள்ளி, 1969

ஜனவரி 21, செவ்வாய்

இலவம் பஞ்சு மூட்டைகள் வந்து இறங்கின. வீடெங்கும் பஞ்சு. சோற்றில் பஞ்சு, இவர் தாடியில் பஞ்சு, ஆட்டின் மூக்கில் பஞ்சு. ஓசூரில் ஒரு கல்யாணத்துக்கு மெத்தையும் தலையணையும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். உறை தைத்துத் தைத்து என் கட்டை விரல் மரத்துப் போய்விட்டது. "பக்ருதீன் பாய் மெத்தைன்னா தூக்கம் தானா வரும்" என்று இவரைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. எனக்குத்தான் வருவதில்லை.

சாயங்காலம் கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. போன வருஷம் வரை, எங்கள் ஆட்களை அடக்கம் செய்கிற கபரஸ்தானின் கோடி மூலையில் சிவப்பாக ஒரு பொட்டுத் தெரியும். இப்போது உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. முன்னால் இருப்பதே தெரியவில்லை, மூலை எங்கே தெரியும்?

என் ஜான் பீ அந்த மூலையில்தான் இருக்கிறாள். மூன்று வயது. காய்ச்சல் வந்து நாலு வருஷத்துக்கு முன்னால் போனாள். எங்கள் ஊரில் பெண்கள் கபரஸ்தானுக்குள் போகும் வழக்கம் இல்லை. வாசல்படியோடு என் வேலை முடிந்தது. இவர்தான் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து, "தலைமாட்டுல மாதுளங்குச்சி நட்டிருக்கேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். போன வருஷம் ஒரு பழம் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "மரத்துப் பழம்." சின்னது, கொஞ்சம் புளிப்பு. தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு நாலு முத்துக் கொடுத்தேன். ஜான் கொடுத்த மாதிரி இருந்தது.

இப்போது மரம் உயிரோடு இருக்கிறதா, இந்தப் பாழாய்ப்போன செடி அமுக்கிக் கொன்றுவிட்டதா?

பிப்ரவரி 7, வெள்ளி

பீடிக்கடைப் பெரியவர் மௌத்தாகிவிட்டார். நல்ல மனிதர். ஆனால் அடக்கம் செய்யப் போனவர்கள் திரும்பிய கோலம்! சட்டையெல்லாம் கிழிசல், கையெல்லாம் ரத்தம். சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைய முடியாமல் நடுவழியில் முள்ளில் மாட்டி நின்றுவிட்டதாம். கபரஸ்தானைப் பார்த்துக்கொள்ளும் முத்தவல்லி அப்துல் ஷுக்கூர் பாய் எங்கள் வாசலில் நின்று முழங்கையில் முள் பிடுங்கிக்கொண்டே புலம்பினார்: "வருசா வருசம் ஆள் உட்டு வெட்டறோம். வெட்டினா ஒண்ணு நாலாத் தழையுது. நான் செத்தா மதிலுக்கு மேல தூக்கிப் போடுங்கப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆடு விட்டால் செடியைத் தின்றுவிடுமே! என் வீட்டிலேயே ஆடுகள் கட்டிக் கிடக்கின்றன, எனக்கு ஏன் இது தோன்றாமல் போயிற்று?

இவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "வேணாம் வஹிதா. கபரு மேல ஏறும். ஜமாத்துல ஒத்துக்க மாட்டாங்க" என்றார். கேட்டால்தானே ஒத்துக்கொள்வார்களா இல்லையா என்று தெரியும்? கேட்பதற்கு முன்னாலேயே ஏன் இந்த முகம்?

பிப்ரவரி 16, ஞாயிறு

அடுத்த சந்து சென்னம்மாள் அக்காவிடம் போனேன். அவளிடம் இல்லாத ஆடு இல்லை. மச்சினன் நிலத்தில் மலையோரம் இதே உண்ணி மண்டிக் கிடந்ததை ஆடு விட்டே ஒழித்தவள்.

"சும்மா உட்டா தின்னாது பாயம்மா. முத்தின எலை வெசம், ஆடே மோந்து பாத்துட்டுப் போயிரும். மொதல்ல தரையோட தரையா வெட்டிப் போடு. மழை பேஞ்சா கொழுந்து வரும் பாரு, அத்தக் கடிக்க உடு. வரவரக் கடிக்கணும். வேரு எத்தினி நாளைக்குத் தாங்கும்? சலிச்சுப் போயிரும்."

"கொழுந்து விஷம் இல்லையா அக்கா?"

"அதுவும் கொஞ்சம் கெடுதல்தான். வெறும் வயித்துல உடக்கூடாது. வேற தழை நெறயத் தின்னுட்டு, வாய்க்கு ருசியா நாலு கடி கடிச்சா ஒண்ணும் ஆவாது."

நாலு கடி என்று ஆட்டுக்கு யார் சொல்வது? என் பூரி இருக்கிறாளே, அவளுக்கு வாய் மூடத் தெரியாது. தலையணை உறையையே தின்றவள்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஜும்மா முடிந்து பேசினார்களாம். இவர் வாயைத் திறக்கவில்லை. நான் சமையற்கட்டு வழியாக முத்தவல்லி வீட்டம்மாவிடம் சொல்லி வைத்தது வேலை செய்தது.

மனைவியை அங்கே அடக்கம் செய்திருக்கிற உசேன் மாமு குதித்தாராம். "எம் பொண்டாட்டி மேல ஆடு ஏறி மிதிக்கவா?"

"இப்ப முள்ளு ஏறி மிதிக்குதே, அது பரவாயில்லையா?" என்று முத்தவல்லி கேட்டாராம்.

பக்ரீத் முடிந்ததும் செய்து பார்க்கலாம் என்று முடிவு. புதுக் கபர்களைச் சுற்றி முள் கட்டிவிட வேண்டும். சென்னம்மாள் அக்காதான் அவள் ஆட்டையும் என் ஆட்டையும் உள்ளே ஓட்டிக்கொண்டு போகப்போகிறாள். நம் ஆட்களில் ஆடு மேய்க்க யாருக்கு நேரம்?

அக்கா போகலாம். ஆடு போகலாம். பெற்றவள் கல்லின் மேல் ஏறி நின்று வேடிக்கை பார்க்கலாம். நல்ல நியாயம்!

மார்ச் 10, திங்கள்

வெட்டுகிறார்கள். வெட்டியதைக் கொளுத்துகிற நாற்றம் வீட்டுக்குள் வந்து பஞ்சில் ஏறிக்கொண்டது. "போய் மரத்துப் பக்கத்துல நில்லுங்க. தெரியாம அரிவாளப் போட்டுடப் போறாங்க" என்று இவரை விரட்டினேன். போனார்.

மத்தியானம் வந்து, "மூலைய இப்ப வெட்டல. பாம்பு இருக்குன்னு ஆளுங்க பயப்படறாங்க. மழைக்கப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

"மரம்?"

"இருக்கு."

அவ்வளவுதான் பதில். பூவா, பிஞ்சா, எவ்வளவு உயரம், ஒன்றும் கிடையாது. மெத்தைக்குப் பஞ்சு அடைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தால் அரை மணி பேசியிருப்பார்.

ஏப்ரல் 24, வியாழன்

நல்ல மழை. வாசலில் நின்று நனைந்தேன்.

மே 5, திங்கள்

கறுத்துக் கிடந்த இடமெல்லாம் பச்சைக் கொழுந்து. அக்கா சொன்னபடி காலையில் வயிறு நிறையப் புளியந்தழையும் கருவேலங்காயும் போட்டுத்தான் அனுப்பினேன். அக்கா வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு போனாள். நான் துவைக்கிற கல்லின் மேல். ஆடுகள் அங்கங்கே நின்று ஒரு கடி, ஒரு நடை. பூரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்று தின்றாள். "அவளத் தள்ளி ஓட்டுங்க அக்கா!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மே 19, திங்கள்

பூரி சரியில்லை. காலையிலிருந்து அசை போடவில்லை. வெயிலில் விட்டால் நிழலுக்கு ஓடுகிறாள். காது இரண்டும் வீங்கித் தொங்குகிறது. கண் வெள்ளை மஞ்சளாக இருக்கிறது. நான்தான் கெடுத்தேன். ஒரு மரத்தைப் பார்க்கிற ஆசைக்கு வாயில்லாத ஜீவனை விஷத்தில் விட்டேன்.

அக்கா வந்து பார்த்தாள். "உண்ணிதான். வெயிலே படக்கூடாது. வூட்டுக்குள்ள இருட்டுல கட்டு. அடுப்புக்கரிய நல்லா இடிச்சுத் தண்ணில கரைச்சு ஊத்து. பொழச்சுக்கும்."

"பிழைக்கலைன்னா?"

"பொழைக்கும்னு சொல்றன்ல. நீ மொதல்ல அழுவறத நிறுத்து, ஆடு பயப்படுது."

மே 20

பஞ்சு அறையில் கட்டியிருக்கிறேன். கரித்தண்ணீர் ஊற்றி ஊற்றி என் கை, அவள் வாய், தரை எல்லாம் கறுப்பு. இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மே 22, வியாழன்

அசை போட்டாள்! ஒரு தலையணையின் மூலையையும் தின்றுவிட்டாள். அல்லாவுக்கு நன்றி. தலையணைக்காரரிடம் என்ன சொல்வது என்று இவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

காது நுனியில் மட்டும் தோல் உரிந்து காய்ந்து போயிருக்கிறது. இனி அவள் வீட்டில்தான். மற்றவை போகட்டும்.

ஜூன் 30, திங்கள்

மூன்றாம் தழைவு. கொழுந்து சின்னதாகத்தான் வருகிறது. அக்கா சொன்னது சரி, வேர் சலிக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

இன்று ஒன்று நடந்தது. உசேன் மாமு தொழுகை முடிந்து கபரஸ்தானுக்குள் போனார். ஆட்டை விரட்டத்தான் போகிறார் என்று கல்லின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கபர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவியுடையதாம். புதர் மூடி எத்தனையோ வருஷமாக இடமே தெரியாமல் வாசலில் நின்று துவா செய்துவிட்டுப் போவாராம். ஒரு ஆடு அவர் தோளை மோந்து பார்த்தது. அவர் விரட்டவில்லை.

எனக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்று தோன்றியது. உட்கார முடியாவிட்டாலும் பார்க்கலாமே. மூலை மட்டும்தான் பாக்கி.

ஆகஸ்ட் 11, திங்கள்

வியாழக்கிழமை மூலையை வெட்டப்போகிறார்கள். ஷபே பராத்துக்கு ஆண்கள் எல்லாரும் கபர்களுக்குப் போவார்கள், அதற்குள் முழுக்க முடிக்க வேண்டும் என்கிறார் முத்தவல்லி.

நான் இவரிடம் கெஞ்சினேன். "மரத்தச் சுத்தி முள்ளு கட்டிடுங்க. ஆட்டுக்கு மாதுளங்கொழுந்துன்னா உசுரு. வெட்டறப்ப நீங்க நிக்கணும்."

"வியாழக்கெழமை ஓசூர் போகணும் வஹிதா."

"போகாட்டி என்ன?"

"மெத்தை சொல்லியிருக்கேன்ல."

எந்த மெத்தை? உறை நான்தானே தைக்கிறேன்? வியாழக்கிழமைக்கு ஒரு மெத்தையும் கிடையாது. எதற்கு ஓடுகிறார்? பிள்ளை கபர் பக்கத்தில் நிற்க இவருக்கு என்ன பயம்?

ஆகஸ்ட் 14, வியாழன்

மரம் இல்ல.

மரம் இல்ல. வெட்டி முடிச்சுட்டாங்க, கல்லு மேல ஏறிப் பாக்கறேன், மூலை வெறுமையா கெடக்கு. மதில்தான் தெரியுது. அக்காவைக் கூப்பிட்டேன், தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

"மாதுளை எங்க அக்கா? உங்க கெடா தின்னுடுச்சா? முந்தியே உள்ள பூந்து தின்னுருக்கும், நீங்க பாக்கல, எங்கயோ பராக்குப் பாத்துட்டு நின்னிருப்பீங்க!"

"என்ன பேச்சு பேசற? ஆடு தின்னா தழை போவும், கொம்பு போவும். அடிமரம் கூடவா போவும்? வேரு கூடவா போவும்? நல்லாத் தேடிட்டன். மரமே இல்ல பாயம்மா."

"நான் பாத்திருக்கேன்! செவப்பா, பூவா, இந்தக் கல்லு மேலருந்து வருசக்கணக்கா பாத்திருக்கேன்!"

அவள் மெதுவாகச் சொன்னாள்: "மூலை பூரா உண்ணிப் பூவுதான் கெடந்துச்சு. செவப்பும் மஞ்சளுமா."

நீ சொல்றது பொய்யின்னு கத்தினேன். இனிமே என் வூட்டுப் பக்கம் வராதேன்னேன். ஆட்ட ஓட்டிட்டுப் போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தெருவெல்லாம் கொடி. பிள்ளைகள் மிட்டாய் தின்றுகொண்டு போகிறார்கள்.

இவர் ராத்திரி கடைசி பஸ்ஸுக்கு வந்தார். காலையில் நான் கேட்டேன். ஒரே கேள்வி. "நட்டீங்களா, இல்லையா?"

பஞ்சு அறையில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நட்டேன் வஹிதா. அல்லா மேல ஆணையா நட்டேன். அந்தக் கோடை ஒரு சொட்டு மழையில்ல, காஞ்சு போச்சு. மறுபடி நட்டேன். அதுவும் காஞ்சுது. மூணாவது தடவை குடத்துல தண்ணி தூக்கிட்டுப் போனேன், அதுவும் நிக்கல. அதுக்குள்ள நீ கல்லு மேல ஏறிப் பாக்க ஆரம்பிச்சுட்ட. ஒரு நாள் ஓடி வந்து, 'பூத்திருக்குங்க'ன்ன. நான் என்னன்னு சொல்றது?"

"பழம்?"

"ஓசூர் சந்தையில வாங்கினேன்."

அவ்வளவுதான். உண்ணிப் பூ. எந்தச் செடியை ஒழிக்க வேண்டும் என்று ஊரைக் கூட்டினேனோ அதன் பூவைத்தான் என் பிள்ளையின் பூ என்று இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆட்டை விட்டு நானே ஒழித்தேன்.

ஆகஸ்ட் 18

பேசவில்லை. சோறு போட்டேன்.

ஆகஸ்ட் 23

பேசவில்லை. அவர் தாடியில் பஞ்சு இருந்தது, எடுத்துவிடவில்லை.

செப்டம்பர் 3, புதன்

இரண்டு மழை பெய்துவிட்டது. மூலை பச்சையாகிக்கொண்டு வருகிறது. கொழுந்து. இப்போது கடிக்க விடாவிட்டால் தை மாதத்துக்குள் மறுபடியும் ஆள் உயரம், மார்ச்சிலிருந்து பட்ட பாடெல்லாம் வீண். சென்னம்மாள் அக்கா வரவில்லை. எப்படி வருவாள்? நான் பேசின பேச்சுக்கு வேறொருத்தியாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். முத்தவல்லி ஆள் தேடுகிறாராம், கிடைக்கவில்லை. என் ஆடுகள் கொல்லையில் கத்திக்கொண்டிருக்கின்றன.

எது எப்படிப் போனாலும் கபர் அங்கேதான் இருக்கிறது. மரம் பொய், கபர் பொய் இல்லை. அதன் மேல் மறுபடி முள் ஏறுவதைக் கல்லின் மேல் நின்று பார்க்க என்னால் முடியாது. கேட்டுவிட வேண்டியதுதான். கேட்டால் என்ன சொல்வார்கள்? ஊர் சிரிக்குமா? இவர் தலையைக் குனிந்துகொள்வாரா?

செப்டம்பர் 5, வெள்ளி

முத்தவல்லி வீட்டு வாசலில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"ஆடு என்னுதுங்க. மேய்க்க ஆளில்ல. நானே ஓட்டிட்டுப் போறேங்க."

ஒருவர் தொண்டையைக் கனைத்தார். வழக்கம் இல்லையே என்று முத்தவல்லி இழுத்தார். நான் திரும்பிவிடலாம் என்று ஒரு காலை எடுத்துவிட்டேன். அப்போது உசேன் மாமு சொன்னார், அதே உசேன் மாமு:

"ஆட்டுக்காரி உள்ள போவலாம்னு நாமதான ஒத்துக்கிட்டோம்? சென்னம்மா ஆட்டுக்காரி. இவளும் இப்ப ஆட்டுக்காரி. போவட்டும் உடுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவரோடு பேசின முதல் பேச்சு அதுதான். இவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தேன். ஆடுகள் தமக்குத் தெரிந்த இடம் என்று முன்னால் ஓடிவிட்டன. நான் பின்னால். மூலை ரொம்பத் தூரம் என்று நினைத்திருந்தேன். இல்லை. என் துவைக்கிற கல் அங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. ஜான் நான் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் இருந்திருக்கிறாள்.

சின்ன மேடு. தலைமாட்டில் கூழாங்கற்களை வட்டமாக அடுக்கிப் பாத்தி கட்டியிருக்கிறது. நடுவில் காய்ந்த குச்சி, கரிந்து, இரண்டு மூன்று துண்டாக. தொட்டால் உதிர்ந்தது. குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு இவர் எத்தனை நாள் இங்கே வந்து உட்கார்ந்திருப்பார், எனக்குச் சொல்லாமல்!

அவர் மேலிருந்த கோபம் அங்கேயே போயிற்று என்று எழுத ஆசை. முழுக்கப் போகவில்லை. பாதி போயிற்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

அக்கா வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அவள் கேட்காமலேயே, "பூரி எப்படி இருக்கா?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்கு வாங்க அக்கா. எனக்கு ஆட்ட மடக்கத் தெரியல."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். மதிலுக்கு மேல பாத்துட்டுத்தான இருந்தன்" என்றாள்.

செப்டம்பர் 20, சனி

இவர் ஓசூரிலிருந்து ஒரு மாதுளங்கன்று வாங்கி வந்தார். வேர் மண்ணோடு, ஈரச் சாக்கில் சுற்றி, பஞ்சு மூட்டைக்கு மேல் வைத்து, பஸ் மேலேயே உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்தாராம். எதுவும் சொல்லாமல் கொல்லையில் வைத்துவிட்டு நின்றார்.

"இதாச்சும் நெசமா?" என்றேன். என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

கூழாங்கல் வட்டத்துக்குள் நட்டோம். நான் குழி தோண்டினேன், இவர் தண்ணீர் ஊற்றினார். சுற்றிலும் வேலிக்கு வேறு முள் தேடவில்லை. வெட்டிப்போட்ட உண்ணித் தண்டு காய்ந்து முள்ளோடு குவியலாகக் கிடந்தது, அதையே வளைத்துக் கட்டினோம். அக்காவின் கெடா வந்து மூக்கை நீட்டியது. குத்து வாங்கிக்கொண்டு போயிற்று.

பிழைக்குமா? முன்னது மூன்றும் காய்ந்ததே! ஆடு எட்டிவிடுமா, மழை ஏமாற்றிவிடுமா, கறையான் வருமா? தெரியாது. தெரியாமலேயே நட்டோம்.

அக்டோபர் 19, ஞாயிறு

ராத்திரி பெய்த மழை காலையிலும் விடவில்லை. ஷபே பராத் வருகிறது என்று கபரஸ்தானுக்கு வெள்ளையடிக்கிறவர்கள் வந்து, மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். உறைகள் தைத்தேன். பூரி இன்னொரு தலையணையைக் கடித்தாள்.

நேற்று மாலை பார்த்தபோது கன்றின் நுனியில் சிவப்பாகக் கொழுந்து விட்டிருந்தது. முள்வேலி ஓரத்தில் உண்ணி ஒன்று முளைத்திருந்தது, கையாலேயே பிடுங்கிப் போட்டேன்.

துவைக்கிற கல்லில் இன்று துணி துவைத்தேன். மேலே ஏறவில்லை. மழை விட்டால் நாளைக்கு ஆட்டோடு போக வேண்டும்.